பழைய காருக்கு ஒரு ஸ்கேனர்

பூப்பாறையிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில், பாதி ஏற்றத்தில், என் கார் முதல் தடவை நின்றது. சத்தம் இல்லை, புகை இல்லை, ஒரு குலுங்கல்கூட இல்லை. பேசிக்கொண்டிருந்தவர் நடுவிலேயே எழுந்து போய்விட்டது போல நின்றது. டேஷ்போர்டில் மஞ்சளாக ஓர் இன்ஜின் படம் எரிந்தது. பிரேக்கை விட்டு விட்டுப் பின்னால் உருட்டி, ஓரமாகக் கொண்டுவந்து, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

நான் சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் ஸ்டோர் பார்ப்பவன். ஸ்டோர் என்றால் கடையோ கிடங்கோ இல்லை. பறித்து வந்த பச்சைக் காயைத் தட்டுத் தட்டாக அடுக்கி, அடியில் விறகு எரித்து, அந்தச் சூட்டில் உலர்த்தும் கட்டடம். ஒரு தடவை காயை உள்ளே அடுக்கிவிட்டால், அது காய்ந்து முடியும் வரை யாராவது சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கூடினால் பச்சை நிறம் போய்விடும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். இருபத்திரண்டு வருடமாக அந்த யாராவது நான்தான்.

என் மனைவியும் மகளும் கீழே போடியில் இருக்கிறார்கள். மகள் பதினொன்றாம் வகுப்புக்குக் கீழே போனபோது மனைவியும் கூடப் போனாள். அவள் அண்ணன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வாடகைக்கு ஒரு வீடு பார்த்தோம். படிப்பு முடிந்ததும் மேலே வந்துவிடுவார்கள் என்றுதான் அப்போது பேசினோம். படிப்பு முடிந்தது, மகளுக்கு அங்கேயே ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது, வருவது பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. நான் சனிக்கிழமை இறங்கி ஞாயிறு மாலை ஏறுவேன். அதற்காக வாங்கியதுதான் அந்தக் கார். வாங்கும்போதே அது வேறு இரண்டு பேர் ஓட்டிய வண்டி.

அன்று கல் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தபோது எங்கள் எஸ்டேட் ஜீப் டிரைவர் பூப்பாறையிலிருந்து வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னைவிட நூறு மடங்கு பேசுகிறவர். ஜீப்பை நிறுத்தி, இறங்கி, பானெட்டைத் திறந்து, பேட்டரியிலிருந்து ஒரு டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டு பீடி பற்ற வைத்தார்.

"உங்க வண்டிக்கு மூளை இருக்குண்ணே, அதான் நினைச்ச இடத்துல நிக்குது. என் ஜீப்புக்கு அந்தச் சனியனே கிடையாது. இருபத்தஞ்சு வருசமா ஓடுது" என்றார்.

பீடி முடிந்தது. இன்னொரு பீடியும் முடிந்தது. டெர்மினலை மாட்டி, ஸ்பேனரால் முறுக்கிவிட்டு, ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஒரே திருப்பில் பிடித்தது. மஞ்சள் விளக்கும் இல்லை. நான் நன்றி சொல்வதற்குள் அவர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

மலையில் எல்லா டிரைவர்களுக்கும் இந்த வைத்தியம் தெரியும். ஜீப் நின்றால் டெர்மினல், லாரி நின்றால் டெர்மினல். நானும் கற்றுக்கொண்டேன். அடுத்த இரண்டு மாதத்தில் கார் நாலு முறை நின்றது. நாலு முறையும் ஏற்றத்தில், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு. நான் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டு அரை மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பேன். மற்ற வண்டிகள் போகும். சில பேர் வேகத்தைக் குறைத்து என்ன என்று கையால் கேட்பார்கள். ஒன்றுமில்லை என்று கையால் சொல்வேன். எனக்கு உதவி கேட்பதைவிட உட்கார்ந்திருப்பது சுலபம்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. ஏன் நேரமாயிற்று என்று மனைவி கேட்டால், மேலே பனி என்பேன். எங்கள் பக்கத்தில் பனி எப்போதும் நம்பக்கூடிய காரணம்.

சீசன் வந்துவிட்டால் சனிக்கிழமை இரவும் அடுப்பு எரியும். ஞாயிறு விடிந்து, காய்ந்த காயை இறக்கிக் கொடுத்த பிறகுதான் கிளம்ப முடியும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பத்தரை மணிக்கு வருகிறார்கள். நான் ஏழு மணிக்குக் கிளம்பினேன். ஒன்பதரைக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கார் அதே ஏற்றத்தில் நின்றது. டெர்மினலைக் கழற்றினேன், மாட்டினேன். கிளம்பி இரண்டு கிலோமீட்டர் போய் மறுபடியும் நின்றது. அன்று மூன்று முறை நின்றது.

நான் போனபோது வாசலில் செருப்புகள் இல்லை. கூடத்தில் பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். கேசரித் தட்டு ஒன்று எனக்கென்று மூடி வைக்கப்பட்டிருந்தது. மைத்துனர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அவர் என் மனைவியின் மூத்த அண்ணன், போடியில் உரக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்டார்களாம். எஸ்டேட் வேலை, இந்த மாதம் வர முடியாது என்று இவர் சொல்லிவிட்டாராம்.

"அப்புறமா நீங்க வந்து நின்னா நான் பொய் சொன்னது போல ஆயிருக்கும் மாப்ள. வராம இருந்ததே ஒரு வகைக்கு நல்லதாப் போச்சு" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். மகள் கேசரியை எடுத்து வைத்தாள். மேலே ரொம்பப் பனியாப்பா என்று அவளே கேட்டாள். ஆமாம் என்றேன்.

அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. நாலு வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் வீட்டிலேயே நிச்சயம் என்று முடிவானது. மனைவி போனில் நேரத்தைச் சொன்னாள். பிறகு, "தட்டு மாத்துறதுக்கு அண்ணனை உக்காரச் சொல்லிருக்கேன். நீங்க வந்துட்டா நீங்க உக்காருங்க" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் துணியை உள்ளே எடுத்துப் போடலாம் என்பது போலச் சொன்னாள். நான் சரி என்றேன். போனை வைத்த பிறகு அடுப்பைப் பார்த்தேன், சூட்டைப் பார்த்தேன், தட்டுகளை ஒருமுறை மாற்றி வைத்தேன். நிச்சயத்தில் பெண்ணின் அப்பா செய்வது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. எதிரே இருப்பவரிடம் ஒரு தட்டைக் கொடுத்து ஒரு தட்டை வாங்க வேண்டும். அதற்கு என் இடத்தில் வேறொருவரை உட்கார வைத்துவிட்டு, நான் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறார்கள். அதைச் செய்யவும் நான் இல்லையென்றால், பிறகு அந்த வீட்டுக்கு நான் சனிக்கிழமை வந்து ஞாயிறு போகும் ஒரு சொந்தக்காரன்தான்.

பஸ்ஸில் போகலாமே என்று தோன்றும். எஸ்டேட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர். ஞாயிறு காலை ஜீப் கிடையாது. காயை இறக்கிவிட்டு நடந்து போய் பஸ் பிடித்தால் முகூர்த்தம் முடிந்திருக்கும். முதல் நாளே லீவு கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மேனேஜர் கொடுத்திருப்பாரோ என்னவோ. இரண்டு முறை அவர் அறை வரைக்கும் போனேன். இரண்டு முறையும் உள்ளே வேறு யாரோ இருந்தார்கள். மூன்றாம் முறை யாருமே இல்லை. அன்றைய எடைச் சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஆகவே கார்தான்.

முதலில் பூப்பாறையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மலையாளி, சின்ன வயது. போவதற்கு முன்னால் காரைக் கழுவினேன். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்படியே கொண்டுபோக எனக்கு ஒரு மாதிரி இருந்தது. டெர்மினலைக் கழற்றி மாட்டி, விளக்கை அணைத்துவிட்டுத்தான் போனேன். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. டாக்டரிடம் போகும் முன் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொள்வது போலத்தான் அது.

அவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டு எதையோ தேடி, ஒரு மெஷினின் ஒயரைச் செருகினார். காரின் கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள கோளாறுகளை நம்பர் போட்டு எழுதி வைத்துக்கொள்ளும், அதை இந்த ஸ்கேனர் படித்துச் சொல்லும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மெஷினைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கோட் நம்பர் ஒண்ணும் இல்லல்லோ சேட்டா. வண்டி கிளீன்."

நிற்கிறதே என்றேன். எப்போது நிற்கிறது, எத்தனை தூரம் ஓடிய பின் நிற்கிறது என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஆனால் பின்னால் இரண்டு வண்டிக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றத்தில் என்று மட்டும் சொன்னேன். பெட்ரோல் பில்டரை மாற்றிக் கொடுத்தார். அடுத்த வாரம் அதே இடத்தில் நின்றது.

சொந்தமாக ஒரு ஸ்கேனர் இருந்தால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. யாரையும் கேட்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். இருக்கிற இடத்தில் உட்கார்ந்து நானும் காரும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். போனில் தேடிப் பார்த்தேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக, நீல நிறத்தில், ப்ளூடூத் வைத்தது ஒன்று எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தது. எல்லாக் கார் என்றால் என் காரும்தானே. ஆர்டர் செய்தேன். ஐந்தாம் நாள் பூப்பாறைக்கு வந்தது, போய் வாங்கிக்கொண்டேன்.

என் காரிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு துளை வைத்த அந்த சாக்கெட் இருந்தது. செருகினால் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது, சிவப்பு விளக்கும் எரிந்தது. போனில் ஒரு ஆப் இறக்கினேன். அது முழுக்க ஆங்கிலம். நான் பத்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கனெக்டிங் என்று ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு காரோடு இணைய முடியவில்லை என்றது. மூன்று நாள், ஸ்டோரில் சூடு பார்க்கும் நேரங்களுக்கு நடுவே, வெளியே போய்க் காரில் உட்கார்ந்து முயன்று பார்த்தேன். நான் எதையோ தப்பாக அழுத்துகிறேன் என்றே நினைத்தேன். மகளிடம் போனில் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பாள். கேட்டால் கார் நிற்பதைச் சொல்ல வேண்டும்.

நிச்சயத்துக்குப் பதினொரு நாள் இருந்தபோது ஒரு புதன்கிழமை மழையில் பறிப்பு நடக்கவில்லை. காய் வராததால் அடுப்புக்கு வேலை இல்லை. காரை எடுத்துக்கொண்டு தேனிக்கே போனேன். வழியில் ஒரு முறை நின்றது. போடியைத் தாண்டித்தான் தேனிக்குப் போக வேண்டும். வீட்டுத் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் திரும்பாமல் நேரே போனது எப்படியோ இருந்தது.

பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கார் ஒயரிங் சாமான்கள் விற்கும் கடை. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தார். எதிரே நின்றேன். முன்னால் வந்தவர்கள் போகட்டும் என்று ஒதுங்கி நின்றேன். பின்னால் வந்தவர்களும் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் அவராகவே நிமிர்ந்து, "என்னாண்ணே, கடையைச் சாத்துற வரைக்கும் நிப்பீங்களா?" என்றார்.

நீல மெஷினை எடுத்துக் காட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. வண்டி எந்த வருஷம் என்று கேட்டார். சொன்னேன்.

"துளை பதினாறு இருந்தா எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சிட்டீங்க. இது புது வண்டிக்குச் சரி. உங்க வண்டி பழைய முறையில பேசும், அதுவும் மெதுவாப் பேசும். இந்த விலைக்கு விக்கிறவன் அந்தப் பழைய முறையை உள்ள வைக்காமலே வித்துருவான். நீங்க தப்பா அமுக்கலை."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவரிடம் எதை வேண்டுமானாலும் வாங்கியிருப்பேன். ஆனால் அவர் விற்க அவசரப்படவில்லை. ஸ்கேனர் வாங்குவது செருப்பு வாங்குவது போல, போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்றார். மூன்று மெஷின்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்து என் காரில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சி, "ஏலக்காய் டீக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்றார்.

முதலாவது பலகை மாதிரி பெரியது. செருகியதும் காரின் பெயர், பிரேக், ஏசி என்று எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டியது. விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். எனக்கு ஆசையாக இருந்தது. இது ஒர்க் ஷாப் வைத்திருப்பவர்களுக்கு, வருஷா வருஷம் நெட்டில் புதுப்பிக்கவில்லை என்றால் மக்கர் பண்ணும், உங்களுக்கு ஒரே ஒரு கார்தானே என்று அவரே எடுத்து வைத்துவிட்டார். இரண்டாவது இன்னொரு ப்ளூடூத். நல்ல கம்பெனி, பழைய முறையும் உண்டு. என் போனோடு இணைந்தது, கோளாறு நம்பரைக் காட்டியது, ஆனால் இன்ஜின் ஓடும்போது சுற்று எவ்வளவு என்று காட்டும் இடத்தில் எண் நின்று நின்று வந்தது. என் போனும் பழையது.

மூன்றாவது மஞ்சள் நிறம், கைக்கு அடங்கும் அளவு, ஒயர் வைத்தது. நாலு பட்டன், சின்னத் திரை. போன் வேண்டாம், நெட் வேண்டாம், தனியாக பேட்டரியும் வேண்டாம். காரிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். பார்க்க ஒரு அழகும் இல்லை. செருகி, இரண்டாம் பட்டனை அழுத்தி, என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். என்ற மூன்று எழுத்துக்கு எதிரே எண்ணூற்றுச் சொச்சம் என்று வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எண்ணும் உடனே ஏறியது.

"இதான் உங்களுக்கு" என்றார்.

பிறகு கோளாறு நம்பரைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. காலையில்தான் நின்றது என்றேன். நின்றதும் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். டெர்மினலைக் கழற்றி மாட்டினேன் என்றேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார்.

"யார் சொல்லிக் கொடுத்தது?"

மேலே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்றேன்.

"அது மூளை இல்லாத ஜீப்புக்கு. இந்த வண்டி பாவம், ஒவ்வொரு தடவையும் எனக்கு இதுதான் வலின்னு எழுதி வைக்குது. நீங்க ஒவ்வொரு தடவையும் அழிச்சிட்டு, எனக்கு ஏன் சொல்ல மாட்டேங்கிறன்னு ஊர் ஊராக் கூட்டிட்டு அலையிறீங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் திட்டவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்படியானால் கார் திரும்பக் கிளம்பியது எப்படி என்று கேட்டேன். அன்று நான் கேட்ட ஒரே கேள்வி அது. எதுவும் செய்யாமல் சும்மா அரை மணி உட்கார்ந்திருந்தாலும் கிளம்பியிருக்கும், சூடு ஆறினால் கிளம்பும் கோளாறு அது என்றார். தனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆனால் சந்தேகத்துக்குச் சாமான் விற்க மாட்டேன் என்றார். அடுத்த தடவை நின்றால் பேட்டரிப் பக்கமே போகக் கூடாது, சாவியை ஆனிலேயே வைத்து மெஷினைச் செருகி, இன்ஜினைச் சுற்ற வைத்து, ஆர்.பி.எம். என்ன காட்டுகிறது என்று பார்த்து, தனக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதியே கொடுத்தார்.

அதற்கு முன்னால் கார் நிற்காமல் இருக்க வேண்டுமென்று வேண்டியிருக்கிறேன். நிற்க வேண்டுமென்று வேண்டியது அந்த வாரம்தான். தேனியிலிருந்து திரும்பும்போது மழை, குளிர். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கார் இறுமாப்பாக ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போடிக்குப் போகும்போது வெயில் அடித்தது. போடிமெட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் நின்றது.

சாவியை ஆனில் விட்டேன். மெஷினைச் செருகினேன். இரண்டாம் பட்டன். ஸ்டார்ட்டரைத் திருப்பினேன். இன்ஜின் சுற்றும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கிறது. ஆர்.பி.எம். பூஜ்யம். மறுபடி திருப்பினேன். பூஜ்யம். இன்ஜின் சுற்றுவது காருக்கே தெரியவில்லை. முதல் பட்டனை அழுத்தியதும் ஒரு நம்பர் வந்தது. மெஷினோடு கொடுத்த புத்தகத்தில் அந்த நம்பரை விரல் வைத்துத் தேடினேன். கிராங்க் ஷாப்ட் சென்சார் என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

கதவைத் திறந்து வெளியே நின்றேன். கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெயில். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஒரு சுற்றுலா வேன் வந்தது, டிரைவர் கையால் என்ன என்று கேட்டார். வழக்கமாகச் செய்வது போல ஒன்றுமில்லை என்று கை காட்டினேன். வேன் போய்விட்டது. போனை எடுத்து மனைவியின் எண்ணை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கேரளா டவரும் தமிழ்நாடு டவரும் மாறி மாறி வரும் இடம் அது. பிறகு தேனிக் கடைக்காரருக்கு அடித்தேன். பூஜ்யம் என்றேன். நம்பரைப் படித்தேன். "அப்ப நான் சந்தேகப்பட்டது அதேதான், இன்ஜின் சுத்துறதைக் காருக்குச் சொல்ற சென்சார்" என்றார். சாமானைப் பூப்பாறை மெக்கானிக்குக்கே அனுப்பி வைப்பதாகச் சொன்னார். இத்தனை பெரிய சந்தோஷத்தை ஒரு கடைக்காரரோடு முடித்துக்கொண்டேன்.

சாமான் வெள்ளிக்கிழமை வந்தது. கட்டைவிரல் அளவு, கறுப்புப் பிளாஸ்டிக், ஒரு துண்டு ஒயர். மெக்கானிக் காருக்கு அடியில் படுத்து இருபது நிமிடத்தில் மாற்றினார். சனிக்கிழமை மத்தியானம், காயை அடுக்குவதற்கு முன், பூப்பாறையிலிருந்து போடிமெட்டு வரை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். நிற்கவில்லை. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. ஒரு தடவை நிற்காமல் இருப்பது முன்பும் நடந்திருக்கிறது.

ஞாயிறு விடிவதற்கு முன்பே காய் பதமாகிவிட்டது. இறக்கிக் கொடுத்துவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டையை ஹேங்கரோடு பின் சீட்டில் தொங்கவிட்டுக் கிளம்பினேன். ஏற்றத்தில் ஏசியும் போடவில்லை, பாட்டும் போடவில்லை. இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு போனேன். மேட்டில் செக்போஸ்ட்டைத் தாண்டி இறங்கத் தொடங்கியபோதுதான் முதுகு சீட்டில் சாய்ந்தது.

எட்டேகாலுக்கு வீட்டு வாசலில் இருந்தேன். ஷாமியானா போட்டிருந்தார்கள். மைத்துனர் பட்டு வேட்டியில், புதுத் துண்டோடு, தட்டுகளில் பழம் அடுக்குவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி சமையலறை வாசலிலிருந்து என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மைத்துனர் வந்து கையைப் பிடித்தார். அவர் முகத்தில் சந்தோஷமும் இருந்தது, ஒரு தர்மசங்கடமும் இருந்தது. புது வேட்டி கட்டி, சொல்ல வேண்டிய வார்த்தைகளை எல்லாம் யோசித்து வைத்திருப்பார்.

"மாப்ள, நீங்க உக்காந்துக்கிறீங்களா? இல்ல, களைப்பா இருந்தா நானே..."

நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நீங்களே உட்காருங்க மச்சான், அதுதான் முறை என்பேன். வாயில் அதுதான் வந்தது. உள்ளறைக் கதவருகே மகள் தலையில் பாதி பூ வைத்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் உக்காந்துக்கிறேன் மச்சான்" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. பழம் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மைத்துனர் உடனே, "அதான் சரி, அதான் சரி" என்று தன் தோளில் இருந்த புதுத் துண்டை எடுத்து என் தோளில் போட்டார்.

பாயில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அப்பா எதிரே உட்கார்ந்து, எந்த எஸ்டேட், எத்தனை வருஷம், இந்த வருஷம் காய் எப்படி என்று கேட்டார். காயைப் பற்றிக் கேட்டதால் பதில் சொல்ல முடிந்தது. தட்டு கனமாக இருந்தது. கொடுத்தேன், வாங்கினேன். எல்லாம் பத்து நிமிடம். என்னைத் தவிர வேறு யாருக்கும் அது நினைவில் இருக்காது.

சாயங்காலம் காயை அடுக்க வேண்டும். இரண்டு மணிக்குக் கிளம்பினேன். வீடு நிறையச் சொந்தக்காரர்கள், யாரும் கவனிக்கவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தி ஸ்டார்ட் பண்ணியபோது மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். ஜன்னல் கண்ணாடி இறக்கியிருந்த இடத்தில் கையை வைத்தாள்.

"மேல வரைக்கும் நிக்காமப் போகுமா?" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பனின்னா மூணாறு பஸ்ஸும்தான லேட்டா வரணும். அது தினமும் டயத்துக்கு வருது" என்றாள். பிறகு, "சொல்லியிருந்தா என்ன? ஒவ்வொரு வாரமும் என்ன ஆச்சோன்னு நினைச்சு நினைச்சு, ஒரு கட்டத்துல வரமாட்டீங்கன்னே வச்சுக்கிட்டேன். அது சுலபமா இருந்துச்சு" என்றாள்.

இன்ஜினை அணைத்தேன். எங்கே முதலில் நின்றது என்பதிலிருந்து தொடங்கிச் சொன்னேன். நாலு முறை, பிறகு ஒரே நாளில் மூன்று முறை, மெக்கானிக், நீல மெஷின், தேனிக்குப் போனது, இந்தத் தெருமுனையைத் திரும்பாமல் கடந்து போனது, பூஜ்யம் காட்டியது, போனை எடுத்து அவள் எண்ணை வைத்துக்கொண்டு நின்றது. கால் மணி நேரம் ஆகியிருக்கும். வீட்டில் அவளோடு அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி எத்தனை வருஷம் ஆயிற்றென்று தெரியவில்லை. கிராங்க் ஷாப்ட் என்றால் என்ன என்று ஒரு இடத்தில் கேட்டாள். எனக்கும் சரியாகத் தெரியாது என்றேன். உள்ளேயிருந்து இரண்டு முறை அவளைக் கூப்பிட்டார்கள். வர்றேன் என்று சொன்னாளே தவிர, நான் சொல்லி முடிக்கும் வரை ஜன்னலிலிருந்து கையை எடுக்கவில்லை.